ஒரே ஒரு பிரதி

மாணவர் பத்திரிகை அலுவலகம் என்று பெயர்தான் பெரிது. உண்மையில் அது விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறை. ஒரு மூலையில் கிழிந்த வலையும் காற்றுப்போன பந்துகளும். மறு மூலையில் ஒரு கணினி, ஒரு நகலெடுக்கும் இயந்திரம், கால் ஆடும் ஒரு மேஜை. கணினியில் பக்கம் கட்டி, இயந்திரத்தில் ஓட்டி, தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கப் பத்திரிகை. திங்கட்கிழமைதோறும் ஆயிரம் பிரதி. இந்த நாலு பக்கத்துக்குத்தான் பல்கலைக்கழக நிர்வாகம் அப்படி நடுங்கியது.

காரசாரமான எழுத்துக்கு நிர்வாகம் பயப்படவில்லை. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நடுங்க வைத்தது முதல் பக்கத்தின் அடியில் இருந்த ஒரு சின்னப் பெட்டி. தலைப்பு: போன வாரம் நாங்கள் செய்த தவறு. நிர்வாகமும் மாதாமாதம் வழவழப்பான தாளில் ஒரு செய்தி மடல் போட்டது. அதில் திருத்தம் என்று ஒரு வரி வந்ததில்லை. அங்கே யாரும் தப்பே செய்வதில்லை, பாருங்கள்! அதனால்தான் மாணவர்கள் மடலை மடித்து மேஜைக்கால் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள், பத்திரிகையைப் படித்தார்கள்.

பெட்டியைக் கண்டுபிடித்தவன் நெட்டை. பத்திரிகையின் நிருபன், வாசலில் தலை இடிக்காமல் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. "ஊர்ல எல்லாரோட தப்பையும் சொல்றோம். நம்ம தப்ப நாமளே சொல்லலைன்னா எவன் நம்புவான்?" என்பான். பிறகு அந்தப் பெட்டியை, வரலாறு படிக்கும் ஒரு பெண்ணின் பொறுப்பில் விட்டான். அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே திருத்தம் என்றாகிவிட்டது. நெட்டை என்றால் அவளுக்கு உயிர். அதை அவனிடம் சொன்னதில்லை. தேர்வு முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மாணவர் பேரவைத் தேர்தலை நிர்வாகம் ரத்து செய்தது. மாணவர்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். காவல்துறை வந்து ஏழு பேரை அள்ளிக்கொண்டு போனது. ஓரமாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நெட்டையும் அதில் ஒருவன். உயரமானவன் தூரத்திலிருந்தே கண்ணில் படுவான், வேறென்ன குற்றம்?

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏழு பேரும் விடுதலை என்று பதிவாளர் அலுவலகம் அறிக்கை விட்டது. ஒரே வாயிலிருந்து வந்த செய்தியைப் போடக்கூடாது என்பது பத்திரிகையின் விதி. வெளியே வந்தவர்களில் ஒருவனுக்குத் திருத்தம் போன் செய்தாள். "எல்லாரையும் விட்டுட்டாங்க" என்று அவன் தேம்பினான். 'நெட்டையை உன் கண்ணால் பார்த்தாயா?' என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வேறு யாருடைய செய்தியாக இருந்தாலும் கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை. அந்தச் செய்தி அவளுக்கு உண்மையாக இருந்தே ஆகவேண்டியிருந்தது. திங்கட்கிழமை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்: ஏழு பேரும் விடுதலை.

வெளியே வந்தது ஆறு பேர். நெட்டையைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். புதன்கிழமை அவன் அம்மாவை அழைத்து, படியில் தவறி விழுந்துவிட்டான் என்று சொல்லி, உடலைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

வியாழன் மதியம் அந்த அம்மா பத்திரிகை அறையின் வாசலில் வந்து நின்றாள். திருத்தம் எழுந்து நிற்க மறந்துபோனாள். திட்டட்டும், கன்னத்தில் ஒன்று வைக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்த அம்மாவோ, ஆடும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"அடுத்த வாரம் இத மாத்திப் போடுவீங்கள்ல?"

"போட்டுத்தாம்மா ஆகணும்."

"போடுங்க. நாலு பேருக்குத் தெரியணும். ஆனா அவனோட அப்பாவுக்கு மட்டும் வேண்டாம்மா. புள்ளைய புடிச்சிட்டுப் போனாங்கன்னு கேட்டதுமே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தவரு. ஆஸ்பத்திரியில கிடக்காரு. உங்க பேப்பரப் பார்த்தப்புறந்தான் ரெண்டு வாய் சாப்பிடறாரு. போலீஸ் கண்ணுல படாம சிநேகிதன் வீட்டுல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். திங்கட்கிழமை பேப்பர் எங்கன்னு கேப்பாரு. வராட்டி சந்தேகப்படுவாரு. அவருக்கு மட்டும் வேற ஒண்ணு அடிச்சுத் தாங்கம்மா."

அந்த அம்மா போய்விட்டாள். பத்திரிகை ஆசிரியனைத் தாடி என்று கூப்பிடுவார்கள், முகத்தில் ஒரு முடி முளைக்காத காரணத்தால். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஒரே ஒரு பிரதிதான், சரி. ஆனா நம்ம பேர் போட்ட பொய். நெட்டை இருந்தா ஒத்துக்குவானா?"

"நெட்டை இருந்தா இந்தப் பேச்சே இல்ல" என்றாள் திருத்தம். தாடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெட்டியை அவள் பன்னிரண்டு தடவை எழுதினாள். கடைசியில் நின்றது இதுதான்: 'ஏழு மாணவர்களும் விடுதலையானதாகச் சென்ற இதழில் எழுதினோம். அது தவறு. ஆறு பேரே வெளியே வந்தார்கள். ஏழாமவர், எங்கள் நிருபர், காவலில் இறந்துவிட்டார். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.' மேலே பக்கம் முழுவதும் அவன் படம், அவன் சாவு, படிக்கட்டே இல்லாத அந்தக் காவல் நிலையத்தின் புகைப்படம். ஆயிரம் பிரதி ஓடியது.

பிறகு அவள் முதல் பக்கத்தை மாற்றினாள். படம் இருந்த இடத்தில் விடுதியின் தண்ணீர்ப் பிரச்சினையைப் போட்டாள். பெட்டிக்கு வந்ததும் கை நின்றது. அது ஒரு வாரம்கூடக் காலியாக இருந்ததில்லை. காலியாக விட்டால் உறுத்தும். ஏதாவது ஒரு சின்னப் பிழை வேண்டும். போன வார இதழை எடுத்துப் புரட்டினால் நிஜமாகவே நாலு பிழை கிடைத்திருக்கும். ஆனால் அந்த இதழைக் கையால் தொட அவளால் முடியவில்லை. மனதுக்குத் தோன்றியதை எழுதினாள்: நூலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று சென்ற இதழில் எழுதியது தவறு, எட்டு மணிக்கே திறக்கும். ஒரே ஒரு பிரதி எடுத்து, அதைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

திங்கள் பிற்பகல், பார்வையாளர் நேரம். நெட்டையின் அப்பா ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தவர். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நெட்டைக்கு இருந்த அதே நீளக் கால். அம்மா டப்பாவில் சோறு வாங்கிவர வெளியே போயிருந்தாள்.

"நீதான் திருத்தமா? எப்பவும் உன் பேச்சுதான் அவனுக்கு" என்று அவர் சிரித்தார். "ஒரு கமா வைக்கறதுக்குக்கூட சண்டை போடுவியாமே? கட்டினா உன்னைப் போல ஒருத்தியக் கட்டணும்னு அவங்கம்மாகிட்ட சொன்னானாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பத்திரிகையை நீட்டினாள். அழுகையை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடி போட்டு, நேராகப் பெட்டிக்குப் போனார். விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். தலையணைக்கு அடியிலிருந்து போன வார இதழை எடுத்தார். மடித்து மடித்து அதன் நடுவே கிழிந்திருந்தது.

"நூலகத்தைப் பத்திப் போன வாரம் ஒண்ணுமே வரலையேம்மா" என்றார். "நாலு பக்கமும் எனக்கு மனப்பாடம். அவன் வெளிய வந்துட்டான்னு போட்டிருந்த பேப்பராச்சே, முப்பது தடவையாவது படிச்சிருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"இல்லாத தப்பத் திருத்தியிருக்கீங்க" என்றார் அவர், போலி டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது பேசியிருக்கக்கூடிய அதே தாழ்ந்த குரலில். "அப்ப இருக்கற தப்பு எது?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பழைய இதழின் கொட்டை எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். ஏழு என்ற சொல்லில் விரல் நின்றது.

"இதுவா?"

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கண்ணீர் போர்வையில் சொட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு மூச்சு இரைத்தது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று அவள் எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நிஜமானது இருக்கா?"

பையில் ஒன்று இருந்தது. கொடுத்தாள். மகனுடைய படத்தை அவர் பார்த்தார். பெட்டியைப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"எந்தக் கேள்வி?"

"'கண்ணால பார்த்தியா'ன்னு கேக்கலப்பா. நான்தான் கேக்கல. நான்தான் எழுதினேன்." அவள் உடைந்து அழுதாள்.

"நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்மா." அவர் அவள் தலையில் கையை வைத்தார். "அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் போய்ப் பார்த்தாங்க."

"தனியாவா?"

"தனியா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நடையில் டப்பா உரசும் சத்தம் கேட்டது. சட்டென்று நிஜப் பத்திரிகையை மடித்து அவள் பைக்குள் திணித்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. நான் சாப்பிடறதப் பார்த்துத்தான் அவ நின்னுக்கிட்டிருக்கா. முகத்தத் தொடச்சிக்க."

அம்மா உள்ளே வந்தாள். திருத்தத்தின் முகத்தையும் கணவர் முகத்தையும் ஒரு கணம் மாறி மாறிப் பார்த்தாள். டப்பாவைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டினாள்.

"என்ன போட்டிருக்காங்க இந்த வாரம்?"

"பெருசா ஒண்ணுமில்ல" என்றார் அவர். "நூலகம் எட்டு மணிக்கே திறப்பாங்களாம்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.