மஞ்சள் அம்பு

பயப்படுவதற்கு அண்ணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ரகம். அப்படிப்பட்டவள் ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டுகிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம் அவள் நாத்தனார். வீட்டிலும் வெளியிலும் நாத்தனாருக்கு வாலு என்றுதான் பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பதினாலாவது மாடியில் தொங்கிக்கொண்டே விசிலடிப்பாள். "மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னாடியே நின்னு நின்னு துருப்பிடிச்சுடுவீங்க அண்ணி" என்று இழுத்துக்கொண்டு வந்து பழக்கிவிட்டவள் அவள்தான்.

பந்தயம் கிந்தயம் எதுவுமில்லை. இருபது நிமிடம் டிராக்கைச் சுற்றலாம், அவ்வளவுதான். ஆனால் அண்ணியின் வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த இருபது நிமிடம் மட்டும்தான்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. இரண்டு பேரும் மழை டயர் மாட்டியிருந்தார்கள். மழை டயர் அழிரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ளும். நனைந்த ரோட்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதைக் குளிர வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். ரோடு காய்ந்தால் ரப்பர் சூடேறிக் குழைந்து பிய்ய ஆரம்பிக்கும். எத்தனை ரவுண்டில் பிய்யும் என்று எந்தப் புத்திசாலியாலும் சொல்ல முடியாது.

அவர்கள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது, கூடவே காற்றும். எல்லோரும் ஓட்டுகிற தடத்தில் ரோடு வெளுத்துக்கொண்டே வந்தது. வேக வளைவில் அண்ணியின் பின்சக்கரம் லேசாக ஆடியது. 'ஆடுறது டயரா, நானா?' என்று யோசித்தாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பேசாமல் டிராக்கை விட்டு உள்ளே வந்துவிட்டாள்.

முதலில் உள்ளே வருகிறவள் மற்றவளுக்கு போர்டு பிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. பாதையோரச் சுவருக்கு மேல் போர்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். எண் போட்டால் மீதி நிமிடம். மஞ்சள் அம்பு போட்டால், எதுவும் கேட்காமல் உடனே உள்ளே வா.

போன மாதம் அண்ணி அம்பு போட்டாள். வாலுவின் பைக்கிலிருந்து புகை வருகிறது என்று நினைத்துவிட்டாள். பார்த்தால் அது தூசி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் வாலு பத்துப் பேர் நடுவில் கத்தினாள்: "இன்னொரு தடவை சும்மா அம்பு காட்டினீங்க, சத்தியமா உங்களை இங்கே கூட்டிட்டு வரமாட்டேன்!" பத்துப் பேரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்போது குனிந்து தன் பின்டயரைத் தொட்டாள். கை சுட்டது. பள்ளங்களுக்கு நடுவில் இருக்கிற ரப்பர் கட்டைகளின் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகக் கிளம்பியிருந்தது. மெதுவாக ஓட்டின தனக்கே இப்படி என்றால் வாலுவுக்கு? போர்டைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு ஓடினாள்.

அம்பை எடுத்தாள். பத்துப் பேர் சிரித்தது காதில் கேட்டது. 'அவளுக்குத் தெரியாததா? என்னைவிட நூறு மடங்கு ஓட்டுறவ.' அம்பை வைத்துவிட்டு எட்டு என்று போட்டாள். வாலு சர்ரென்று கடந்து போனாள். போகும்போது ஹெல்மெட் போர்டுப் பக்கம் திரும்பியது. 'பாரேன், அம்பு போடறேனான்னு வேவு பார்க்கறா' என்று அண்ணிக்குச் சுருக்கென்றது.

அடுத்த சுற்றில் ஆறு. இந்தத் தடவை வாலு சுவரை உரசுகிற மாதிரி வந்தாள். காயாத தண்ணீர் சுவரோரமாகத்தான் மிச்சம் இருந்தது. அது அண்ணியின் முழங்கை வரை தெறித்தது. வேண்டுமென்றே நனைக்கிறாள் என்று நினைத்தாள். மறுபடியும் அந்த ஹெல்மெட் திரும்பியது, கொஞ்சம் அதிக நேரம்.

நாலு. வாலுவின் பைக் நேர்ப்பாதையிலேயே நெளிவதை அண்ணி கண்ணால் பார்த்தாள். இனிமேல் சிரித்தால் சிரிக்கட்டும், கூட்டிக்கொண்டு வராவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும். எண்ணைப் பிடுங்கிப் போட்டாள். மஞ்சள் அம்பை மாட்டினாள். சுவருக்கு மேல் பாதி உடம்பை நீட்டி, போர்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சிவப்பு பைக் போயிற்று. ஒரு பச்சை போயிற்று. வாலு வரவில்லை.

வேக வளைவில் கொடிக்காரர் மஞ்சள் கொடியை ஆட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லா இடத்திலும் சிவப்புக் கொடி. அண்ணி ஓடினாள். புல்வெளியில் பூட்ஸ் வழுக்கி இரண்டு தடவை விழுந்தாள். வாயில் வராத வேண்டுதல் இல்லை.

பைக் வேலியோரம் கிடந்தது. பின்டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பரே இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வாலுவைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள். அவளுடைய இடது பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் கண் விழித்திருந்தாள்.

"வாலு! என்னைப் பாருடி!"

"அண்ணி…" அவள் உதடு வெளுத்திருந்தது. "மூணு ரவுண்டா பின்னாடி ஆடுச்சு அண்ணி. பயந்துட்டேன்."

"பேசாதே. ஒண்ணும் ஆகலை, பேசாதே."

"தண்ணி எங்கே இருக்குன்னு தேடித் தேடி ஓட்டினேன். நானா உள்ளே வந்தா மானம் போயிடும்… உங்களை அவ்வளவு பேசிட்டு." அண்ணியின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எப்படியும் அம்பு போட்டுடுவீங்கன்னு ஒவ்வொரு தடவையும் போர்டைப் பார்த்தேன். ஏன் அண்ணி போடலை?"

ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். விரலை விடுவித்துக்கொள்ளாமல் அண்ணியும் கூடவே நடந்தாள்.

"பயமா இருந்துச்சுடி," என்றாள்.