கொசுவலைக்குள்ளே ஒரு கொக்கு

வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளை எல்லாரும் 'கமா அக்கா' என்றுதான் அழைத்தார்கள். காற்புள்ளி விடுபட்ட மனு எதையும் அவள் அச்சுக்கு அனுப்பியதில்லை. வழக்கறிஞரே அவசரத்தில் விட்டுவிட்டாலும், அதை உரிய இடத்தில் உட்கார வைத்த பிறகுதான் மறுவேலை பார்ப்பாள். அத்தனை நிதானமானவள் அன்று காலையிலிருந்து மேசைக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மேசைமேல் மடிக்கணினி. அதன் கறுத்த திரையின் நடுவே ஒரு கட்டம். கடவுச்சொல்லைக் கொடு என்று அது கேட்டது. கொடுத்தாள். தவறு என்றது. மறுபடியும் கொடுத்தாள். கொஞ்சமும் வெட்கமில்லாமல் மறுபடியும் தவறு என்றது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பெண்ணின் வாக்குமூலம் இருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைப்பவள் அவள். பெயரை எங்கும் உச்சரிக்கக் கூடாது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பட்டன்காரி' என்றே பெயர். சரக்கறையில் மேற்பார்வையாளன் தன்னிடம் நடந்துகொண்டதைச் சுவரைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். எழுந்து போகும்போது, "இதை இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாதுங்க. எழுதினதோட இருக்கட்டும்" என்றாள். இன்று பிற்பகல் விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் வாக்குமூலத்தை அச்செடுத்து, அவள் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தாக வேண்டும். வேறு படி கிடையாது. கமாவே பார்த்துப் பார்த்து இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

ஏனென்றால் ஒருமுறை சூடுபட்டாகிவிட்டது. அதே தொழிற்சாலையின் வேறொரு பெண் கொடுத்த வாக்குமூலத்தை யாரோ படம் பிடித்து அலுவலக அரட்டைக் குழுவில் போட்டார்கள். போட்ட படம் போட்ட இடத்தில் இருக்கவில்லை. குழுவிலிருந்த அத்தனை பேரின் கைப்பேசியிலும் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு எவர் வழியாகவோ நழுவி, தொழிற்சாலை மேலாளரின் வாய்க்கே வந்துவிட்டது. அந்தப் பெண் புகாரைத் திரும்பப் பெற்றாள், வேலையை விட்டாள், இன்றுவரை தொலைபேசியை எடுப்பதில்லை. நழுவவிட்டது யார் என்று தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் கமாவைக் குடைந்தது. அவள் கைப்பேசியிலும் அந்தப் படம் இருந்ததே!

அலுவலகங்களுக்குக் கணினி இணைப்புப் போட்டுக் கொடுக்கும் தன் தம்பியை அவள் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டேருந்து மறைக்கணும்னு முதல்ல சொல்லுக்கா. திருடன்கிட்டேருந்தா, கம்பெனிகிட்டேருந்தா?"

"எல்லார்கிட்டேருந்தும்."

"எல்லார்கிட்டேருந்தும்னா கம்ப்யூட்டரே வேணாம். கல்லுல வெட்டிக் கிணத்துல போட்டுடு."

அவன் மூன்று விதமான லினக்ஸ் இயங்குதளங்களைப் பென்டிரைவ்களில் கொண்டுவந்தான். முதலாவது, அணைத்ததும் அன்று நடந்ததையெல்லாம் மறந்துவிடும். மறுநாள் திருத்துவதற்கு ஏதாவது மிஞ்ச வேண்டாமா என்று கமா அதை ஒதுக்கினாள். இரண்டாவது, ஒவ்வொரு வேலையையும் தனித்தனி அறையில் பூட்டி நடத்தும். அதன் பாரத்தில் அவளுடைய பழைய பெட்டி மூச்சுவாங்கி நின்றுவிட்டது. மூன்றாவது சாதுவானது. பெட்டி முழுவதையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அதையே நிறுவினான்.

செய்தி அனுப்பும் செயலிக்கு இதைவிடப் பெரிய பஞ்சாயத்து நடந்தது. ஊரே வைத்திருப்பதில் பூட்டு நல்லதுதான், ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற கணக்கு அந்த நிறுவனத்திடம் சேரும். இன்னொன்று, நீங்கள் சேர்ந்த மறு நிமிடமே உங்கள் எண்ணை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் 'இன்னார் வந்துவிட்டார்' என்று தண்டோரா போட்டது. பட்டன்காரியின் எண் மேற்பார்வையாளனிடமும் இருந்ததால் அது ஆகாது. கடைசியில் எண்ணே கேட்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாளில் எல்லாச் செய்தியும் அழியும்படி வைத்தார்கள். வழக்கறிஞர் வாக்குமூலத்தை அதில்தான் படித்தார். மறுநாள் அது சொன்னபடியே மறைந்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. "மூடி வச்சா பெட்டி தூங்கத்தான் செய்யும்க்கா, பூட்டோட சாவி உள்ளயே கிடக்கும். வெளிய எடுத்துட்டுப் போறப்ப மூடினா போதாது, முழுசா அணைச்சிடு" என்று நேற்றுத் தம்பி சொல்லும்வரை. சொன்னபடி அணைத்தாள். அதோடு சரி, இன்று காலை அது திறக்கவில்லை.

தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி தம்பி உள்ளே வந்தான். "நான் வச்சுக் குடுத்த சாவியை ஒழுங்கா அடிச்சியா?"

கமா சன்னலைப் பார்த்தாள். "அதை மாத்திட்டேன்."

"எப்போ?"

"நீ போன அன்னிக்கே. உனக்குத் தெரிஞ்சது ஒரு சாவியா? நீ உன் பொண்டாட்டிகிட்ட எதை மறைச்சிருக்கே?"

"அது கிடக்கட்டும். இங்கிலீஷ்லதானே மாத்தினே?"

"தமிழ்ல. எனக்கு வேற எது ஞாபகம் இருக்கும்?"

அவன் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இந்தக் கட்டம் வர்ற நேரத்துல பெட்டி அரைத்தூக்கத்துல இருக்கு. அப்போ அதுக்குத் தமிழே தெரியாது. நீ தமிழ்னு நெனச்சு அடிக்கறதை அது இங்கிலீஷா வாங்கிக்குது. இத்தனை நாள் நீ வெறுமனே மூடித் தெறந்துட்டிருந்ததால இந்தக் கட்டமே வரலை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "ஒரு நத்தை பயந்துபோய்த் தன் ஓட்டுக்குக் கதவு வெச்சுதாம். கொண்டியை மட்டும் வெளிப்பக்கம் போட்டுடுச்சாம்."

"நத்தையை அப்புறம் மேய்க்கலாம். முதல்ல வேலையைப் பாரு."

அவன் ஒரு பென்டிரைவைச் செருகி அதிலிருந்தே கணினியைக் கிளப்பினான். அதில் தமிழ் விசைப்பலகையை வரவழைக்கலாம், அங்கிருந்தே உள்ளிருக்கும் பூட்டையும் திறக்கலாம். அவள் மறுபடியும் தவறாக அடித்துவிடக் கூடாதென்று, எந்த விசையில் எந்த எழுத்து என்று காட்டும் படத்தையும் திரையில் விரித்துவைத்தான்.

"சுவத்தைப் பார்த்துத் திரும்பி உக்காரு" என்றாள் கமா.

"நான் உன் கூடப் பொறந்தவன்."

"அதனாலதான்."

அவன் திரும்பிக்கொண்டான். அவளுடைய சாவி இதுதான்: 'கொசுவலைக்குள்ளே கொட்டாவி விட்ட கொக்கு'. எவன் எத்தனை ஆண்டு யோசித்தாலும் ஊகிக்க முடியாது என்று அவளுக்கு அதில் தனிப் பெருமை. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, பச்சைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல அடித்தாள்.

தவறு.

"ஒற்று விட்டிருப்பே" என்றான் தம்பி சுவரிடம்.

"நானா? ஒற்று விட்டேனா?" கமாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஆனாலும் 'வலைக்கு' என்பதில் ஒற்று இல்லாமல் ஒருமுறை அடித்துப் பார்த்தாள். அடிக்கும்போதே உடம்பு கூசியது. தவறு. சொற்களுக்கு நடுவே இடம் விடாமல், இரண்டு இடம் விட்டு, கொக்குக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்து... எல்லாம் தவறு. வழக்கறிஞரிடமிருந்து செய்தி வந்தது: 'குழு வந்துவிட்டது. அச்செடுத்தாயிற்றா?' பதில் போடாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பட்டன்காரி வந்தாள். வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்து எங்கங்க போடணும்?"

கமாவுக்கு ஒரு மழுப்பல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. "தெறக்க மாட்டேங்குதும்மா. சாவி என்னுதுதான். எனக்கே தெறக்கலை."

"உங்களுக்கேவா?"

"எனக்கே."

"வேற யாராலயும்?"

"முடியாது."

பட்டன்காரி நீண்ட மூச்சொன்றை விட்டாள். பல நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த சுமையை இறக்கியவளின் முகம் அது. "அப்போ அது அங்கேயே கிடக்கட்டும்ங்க. நான் என்ன பண்ண முடியும்? நானா வேணாம்னு சொல்லலை. பெட்டி தெறக்கலை, அவ்வளவுதானே?" என்று எழுந்தாள். "திரும்பச் சொல்லுன்னு மட்டும் கேட்டுடாதீங்க." வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

கமா நகத்தைக் கடித்தாள். "டேய், ஏதாவது பண்ணுடா."

"சாவியை விடு. வேற எதையாவது எப்பவும் அடிக்கற மாதிரி அடி. உன் விரல் என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்."

அவள் படத்தைப் பார்க்காமல் தடதடவென்று 'கொடுக்கப்பட்ட மனு' என்று அடித்தாள். அவன் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தான். மனு போயிற்று, பட்ட போயிற்று. முதலெழுத்துக்கு வந்து ஒரு தட்டுத் தட்டினால் 'கொ' முழுசாகப் போகவில்லை. கால் மட்டும் உதிர்ந்து 'கெ' நின்றது.

"இங்க பாரு! நீ கொம்பைத் தனியா, காலைத் தனியா அடிக்கறே."

"பின்ன எப்படி அடிப்பாங்க? டைப்ரைட்டிங் வகுப்புல அப்படித்தான் விரல் பழகிச்சு."

"இந்தப் படத்துல ஒகரத்துக்கு ஒரே விசை இருக்கு. அதை அடிச்சாலும் இதே கொதான். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. பூட்டுக்கு வேற வேற. உன் சாவியில ஒகரம் இருக்கா? சொல்ல வேணாம், தலையை மட்டும் ஆட்டு."

கமா தலையை ஆட்டினாள். ஒன்றல்ல, மூன்று இருந்தன. சாவியை மாற்றிய அன்று விரல்கள் தம் போக்கில் ஓடியிருக்கின்றன. இன்று பயத்தில், படத்தைப் பார்த்து, ஒற்றை விசையையே தேடித் தேடி அழுத்தியிருக்கிறாள். இத்தனை நேரமும் அவள் காலை வாரியது அவளுடைய கவனமேதான்!

படத்தை மூடினாள். தம்பி சொல்லாமலே சுவர்ப்பக்கம் திரும்பினான். கண்ணை மூடிக்கொண்டு, யாரோ விரட்டுவதுபோல ஒரே ஓட்டமாக அடித்தாள்.

பூட்டு திறந்தது.

கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. வாசலில் பட்டன்காரி இரண்டாவது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் போகவிட்டுவிடலாமா என்று கமாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்திருந்தாளே. ஆனால் மேற்பார்வையாளனும் அந்தச் சரக்கறையும் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"தெறந்துடுச்சும்மா."

பட்டன்காரியின் கை கதவுநிலையிலேயே நின்றது. "தெறக்கலைன்னே சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொல்லியிருக்கலாம். நீங்க வேணாம்னா இப்பவே, உங்க கண்ணெதிர்லயே அழிச்சிடறேன். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. வக்கீலம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

தம்பி வாயைத் திறந்தான். அக்காவின் பார்வை அதை மூடியது. கவிழ்த்து வைத்த கைப்பேசி மேசைமேல் உறுமிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தது.

"முன்ன அந்தப் பொண்ணோடது வெளிய போச்சே. என்னுது எங்கெல்லாம் போயிருக்கு?"

"இந்தப் பெட்டியை விட்டு எங்கயும் போகலை. வக்கீலம்மா போன்ல ஒரு நாள் இருந்துச்சு. அதுவும் அழிஞ்சிடுச்சு."

"இவரு படிச்சாரா?"

"இவனா? காலையிலேருந்து சுவத்தைத்தான் படிச்சுட்டிருக்கான்."

பட்டன்காரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. கதவுநிலையின் உரிந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். கமா அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே புடவைத் தலைப்பில் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

"அந்தப் பெட்டி உங்களுக்கே தெறக்கலைன்னு பார்த்தேன்ல..." என்று பட்டன்காரி மெல்ல ஆரம்பித்தாள். பிறகு அதை முடிக்காமல், "சரி, அச்செடுங்க. ஆனா நான் படிக்க மாட்டேன். நீங்களும் சத்தமாப் படிக்காதீங்க" என்றாள்.

அச்சுப்பொறி ஒரு முறை முக்கி, தாளை வெளியே தள்ளியது. எழுத்துப் பக்கத்தைக் கையால் மறைத்தபடி, அடியிலிருந்த கோட்டில் அவள் கையெழுத்திட்டாள். உறையிலிட்டு ஒட்டியதும் கமா கையை நீட்டினாள்.

"நானே எடுத்துட்டு வர்றேன். நீங்க கூட வாங்க, போதும்."

தெருவில் இறங்கியதும் பட்டன்காரி உறையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கமா அவளுக்கு ஈடுகொடுக்க ஓட வேண்டியிருந்தது.

"உள்ள ஏதாவது கேள்வி கேட்டாங்கன்னா?"

"எல்லாம் இதுல இருக்குன்னு சொல்லுங்க."

"அதுக்கு மேலயும் கேட்டா?"

கமா ஓடிவந்து அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். "நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்" என்றாள். இருவரும் நடையை இன்னும் எட்டிப் போட்டார்கள்.