ஊரறிய ஏறிய எடை

என் மாமனார் மௌலோலோ அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று படகுத்துறையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. போகும்போது கால்கள் ஈரப்பலா மரத்தடி போல இருந்தன. வயிறு முன்னே போக, அவர் பின்னே போனார். திரும்பும்போது முழங்கால் எலும்பு தெரிந்தது. மாமியார் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகிழ்ச்சியில் இல்லை, அவமானத்தில்.

"பட்டினி போட்டு அனுப்பியிருக்காங்க பாரு," என்றாள்.

சவாயீ தீவில் ஒருவன் மெலிந்துபோனால், ஒன்று அவன் ஏழை, இல்லை அவன் வீட்டார் கெட்டவர்கள். மாமனாரோ ஊர்ச் சபையில் பேச்சாளர் பட்டம் உடையவர். அதிலும் அடுத்த சனிக்கிழமை புதுத் தேவாலயம் திறப்பு. ஊர் சார்பில் யார் பேசுவது என்பதைப் பேச்சாளர்கள் திடலில் நின்று வாதாடித்தான் முடிவு செய்வார்கள். இவருக்குப் போட்டி செயூலி. கொப்பரை மூட்டை போல உடம்பு, அதற்கேற்ற குரல்.

"அவன் வாய்க்கு அந்தப் பேச்சு போயிடக் கூடாதுன்னுதான் சாகாம வந்திருக்கேன்," என்றார் மாமனார்.

மறுநாள் நர்ஸ் தலீதா வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"இருதயம் நின்னுபோகல ஐயா. இறைக்கிற பலம் குறைஞ்சுபோச்சு. சரியா இறைக்கலன்னா தண்ணி எங்க போகும்? காலுக்கு, வயித்துக்கு, நுரையீரலுக்கு. படுத்தா மூச்சு முட்டினது அதனாலதான். உப்பு அந்தத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். அதனால உப்பு வேண்டாம். இந்த மாத்திரை தண்ணிய மூத்திரமா வெளிய தள்ளும். மத்தது ரெண்டும் இருதயத்தோட சுமையக் குறைக்கும். உடம்பு தேவலைன்னு எதையும் நிறுத்தக் கூடாது."

"சரி மகளே."

"முக்கியமா ஒண்ணு. தினம் காலையில மூத்திரம் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க. ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே எங்கிட்ட வந்து சொல்லணும்."

"கண்டிப்பா வந்து சொல்றோம்," என்றாள் மாமியார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வந்த வினை அதுதான்.

ஊரில் இருந்த ஒரே எடைக்கருவி சாலையோரத்தில் வியாபாரி சியோவின் கோக்கோ கொட்டகையில் இருந்தது. தினமும் காலையில் மாமனார் அதன் மேல் ஏறி நிற்பார். சியோ முள்ளைப் பார்த்து, பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி எடையைக் கத்துவான். முதல் நாள் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. ஒரு கிழவி மட்டும் மாமியார் தோளைத் தட்டி, "தைரியமா இரு," என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் சமையல் போர் தொடங்கியது. சமையல் என் வேலை. ஆக்லாந்தில் குளிர்கிடங்கு இராவேலையைப் பாதியில் விட்டு வந்து மனைவி வீட்டில் தங்கியவனுக்கு வேறு என்ன வேலை தருவார்கள்? உப்பில்லாமல் சேப்பங்கிழங்கும் மீனும் அவித்து வைப்பேன். நான் கல் அடுப்புப் பக்கம் திரும்பியதும் மாமியார் உப்பு ஊறிய டின் மாட்டிறைச்சியை அதன் மேல் கவிழ்ப்பாள். ஒரு குவளை கோக்கோவும் கொடுப்பாள். கேட்டால் இன்னொரு குவளை.

எடை ஏறியது. ஒரு கிலோ ஏறிய அன்று சியோ கத்தியதும் பேருந்துக் கூட்டம் கைதட்டியது. மறுநாள் இன்னும் ஒன்று. "மருந்து வேலை செய்யுதுடோய்!" என்றான் ஓட்டுநர். செயூலியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகம் கறுத்துப் போனார்.

என் மனைவி லாங்கியைத் தனியாகக் கூப்பிட்டேன். "உங்கப்பா காலைப் பாரு. விரல் வச்சு அழுத்தினா குழி விழுது. ராத்திரி தூணுல சாஞ்சுக்கிட்டே தூங்குறாரு."

"பேச்சாளர்னா அப்படித்தான் தூங்குவாங்க. ஒன் வேலை அடுப்பு. அதப் பாரு."

கொட்டகைக்கு நடக்கும் வழியில் மாமனார் இரண்டு இடத்தில் நின்றார். "கனத்த உடம்பைத் தூக்கிட்டு நடந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, மாமியார் ஒரு பன்றியைக் கல் அடுப்பில் சுடச் சொன்னாள். அதைத் தென்னோலையில் சுற்றி என் தோளில் ஏற்றி, மாமனாரை முன்னால் நடக்கவிட்டு, குடும்பமே மருத்துவ நிலையத்துக்கு ஊர்வலமாகப் போனது.

"மகளே, நீ ரெண்டு கிலோன்னு கேட்ட," என்றாள் மாமியார். "நாங்க நாலு காட்டிட்டோம்!"

தலீதா பன்றியைப் பார்த்தாள். மாமனாரின் கணுக்காலைப் பார்த்தாள். பிறகு காதில் குழாயை மாட்டி அவர் முதுகைக் கேட்டாள்.

"அம்மா, இது சதை இல்ல. தண்ணி. நுரையீரல் வரைக்கும் ஏறியிருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

"நாளைக்குத் திறப்பு விழா," என்றார் மாமனார்.

"நல்லதாப் போச்சு. கூட்டமும் இருக்கு, போதகரும் இருக்காரு. அடக்கத்தையும் சேத்தே முடிச்சிரலாம்."

மாமனார் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரம் ஆனது. அதற்குப் பிறகு பேரம் எளிதாக முடிந்தது. தண்ணீர் மாத்திரை இரட்டிப்பு, இப்போதும் நாளைக் காலையிலும். விழாவில் தலீதா பக்கத்திலேயே இருப்பாள். மூச்சு முட்டினால் வண்டி. எப்படியும் ஞாயிறன்று ஆஸ்பத்திரி. பன்றியை மட்டும் திருப்பித் தர அவளுக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை ஆறு பேச்சாளர்கள் கோலும் நார்ச்சாமரமுமாகத் திடலில் நின்றார்கள். நான்கு பேர் முறைப்படி கொஞ்சம் வாதாடிவிட்டு விலகிக்கொண்டார்கள். மிஞ்சியது செயூலியும் மாமனாரும். விட்டுக்கொடுக்காமல், முடிவு தெரியும்வரை திடலை விட்டு யாரும் நகரக் கூடாது. நகர்ந்தால் பரம்பரைக்கே இழுக்கு.

செயூலி தன் வம்சத்தை முதல் மூதாதையிலிருந்து தொடங்கினார். வெயில் ஏறியது. மாத்திரையும் வேலையைத் தொடங்கியிருந்தது. மாமனார் கோலை இறுக்கிப் பிடித்தார். கால் மாற்றி நின்றார். பிறகு இரண்டு முழங்காலையும் ஒட்டிக்கொண்டு நின்றார். செயூலி ஐந்தாம் தலைமுறைக்கு வந்தபோது மாமனார் கையை உயர்த்தினார்.

"செயூலி, புயல்ல ஒரு தடவை உன் பாட்டன் தன் படகை ஒதுக்கி, என் பாட்டனுக்குக் கரைக்கு வழி விட்டாரு. அந்தக் கடனை எங்க வீட்டுல யாரும் இதுவரை தீர்க்கல. இன்னைக்கு நான் தீர்க்குறேன். நீ பேசு."

அவ்வளவுதான். தலை நிமிர்ந்து, ஓடாமல், தேவாலயத்தின் பின்பக்கம் நடந்தார். பெண்கள் அழுதார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய சண்டைக்குத் தயாராக வந்த செயூலி திறந்த வாயை மூடத் தெரியாமல் நின்றார். அதன் பிறகு மதியம்வரை அவர் பேசினார். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் மாமனாரின் அடக்கத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் பின்பக்கம் போனபோது அவர் இடுப்பில் சுற்றிய லாவாலாவாத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னும் அரை மணி நேரம் தாங்கியிருந்தா அவனை ஓட ஓட விரட்டியிருப்பேன்," என்றார்.

"அரை மணி நேரத்துல நீங்கதான் ஓடியிருப்பீங்க மாமா. அந்தப் புயல் நெசமா?"

"எப்பவாவது அடிச்சிருக்கும்."

பேச்சாளருக்குப் பரிசாகக் கிடைக்கும் நேர்த்தியான பாய் செயூலி வீட்டுக்குப் போனதில் மாமியார் மாலைவரை மாமனாரோடு பேசவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். இப்படிப்பட்ட பெருந்தன்மையைச் சும்மா விடக் கூடாது என்று இரண்டு வாளி உப்பிட்ட மாட்டிறைச்சியைக் கொண்டுவந்து மாமனார் காலடியில் வைத்தார்கள். உப்பு வாளி விளிம்பில் பூத்திருந்தது. மாமியார் முகமும் பூத்தது.

மாமனார் வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரையீரலில் தண்ணீர் உள்ள மனிதர் உப்பைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. தலீதா வாசலில் கை கட்டி நின்றாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பெருமூச்சு விட முயன்று பாதியில் நிறுத்தினார்.

"ரெண்டையும் செயூலி வீட்டுக்கு எடுத்துட்டுப் போ," என்றார் என்னிடம். "பாவம், ரொம்ப நேரம் பேசினான். களைச்சிருப்பான்."

நான் நிம்மதியாக வாளிகளைத் தூக்கினேன். மாமியார் தடுக்கவில்லை. அது ஏன் என்று படி இறங்கும்போதுதான் புரிந்தது. வாங்கியதைவிடப் பெரிதாகத் திருப்பித் தராவிட்டால் செயூலியால் ஊரில் தலை காட்ட முடியாது.

"லாங்கி," என்று மாமியார் உள்ளே குரல் கொடுத்தாள். "சமையக்கட்டுல இடம் ஒழிச்சு வை. நாளைக்கு நாலு வாளி வரும்."