நிறுத்தாத எஞ்சின்

தெருவில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக ஆயுசு முழுக்க மேலும் கீழும் போய்ச் சலித்த மனிதர், இனிப் பக்கவாட்டில் போகலாம் என்று ஒரு கிழட்டுப் படகை வாங்கினால் வேறென்ன சொல்வார்கள்.

இந்தப் பயணத்துக்கு மனைவி வந்ததே அதிசயம். தம்பி இருக்கும் துறைமுகத்தில் தன்னை இறக்கிவிட வேண்டும் என்பது அவள் நிபந்தனை. எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெரிய பெட்டியாகக் கொண்டுவந்திருந்தாள். நல்ல கோடையில் அதற்குள் கம்பளித் துணியெல்லாம் இருந்தது.

துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கேப்டனுக்கு உள்ளூரச் சந்தோஷம். நங்கூரத்தைப் போட்டுவிட்டு எஞ்சின் மூடியைத் தூக்கினார். டீசல் குழாயில் பொடிசாக ஒரு வெடிப்பு.

"காத்துப் பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"கரையில இதை நீங்க பிரிக்கிறப்பல்லாம் இத்தனை வருஷம் டார்ச் பிடிச்சிருக்கேன். எஞ்சின் ஒண்ணுதான் என்னைத் திட்டினதில்ல."

பம்பே போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் கை ஸ்பேனரை எடுத்துவிட்டது. அந்தக் கை என்றைக்கு அவரைக் கேட்டு வேலை செய்தது?

வெடிப்பின் மேல் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கிளிப்பை இறுக்கினார். காற்றை வெளியேற்ற ஃபில்டர் திருகைத் தளர்த்தினார். அவள் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் டீசல் ஏற்றும் கைப்பம்புமாக உட்கார்ந்தாள். நுரை நுரையாக டீசல் வந்தது. வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு என்று வாயெடுத்தார். வெளிச்சம் அங்கேதான் இருந்தது.

"குமிழி நின்னுடுச்சு, இறுக்குங்க" என்றாள். இறுக்கினார்.

"இன்னைக்கு நீங்க கத்தவே இல்ல."

"கத்த என்ன இருக்கு?"

"முன்னாடி மட்டும் என்ன இருந்துச்சாம்?"

அவர் சாவியைத் திருப்பினார். பாழாய்ப்போன எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது.

துறையில் மச்சினன் காத்திருந்தான். "வாங்க மாமா" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் மட்டும் படகை விட்டு இறங்கி, அங்கேயே நின்றாள்.

"நிறுத்திட்டு வாங்க. ராத்திரி தங்குங்க. பேசணும்."

பேசணும் என்றதும் கேப்டன் எஞ்சின் மூடியைத் தூக்கி டியூப் கட்டைப் பார்த்தார்.

"நிறுத்தினா மறுபடி எடுக்காதும்மா. அது சும்மா ஒட்டுப்போட்ட குழாய். காத்து ஏறிடும்."

"ஏறட்டும். நான் பம்பு அடிக்க மாட்டேனா?"

சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "அது இல்ல, ஓடிட்டிருக்கிறத எதுக்கு..." என்று இழுத்தார்.

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "சரி, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்துப் படகுக்குள் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கேப்டன் படகைக் கடல் பக்கம் திருப்பினார். ஒரு இருமல், ஒரு திணறல் கேட்டால் போதும், அதைச் சாக்கு வைத்துத் திரும்பிவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டே போனார். எஞ்சின் புதுசு போல ஓடியது.