ஆடக் கூடாத முக்கால் மணி நேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கப்பலில் எல்லோருக்கும் தெரியும். டாக்டரம்மாவுக்கும் தெரியும், அவர் அதைச் சட்டை செய்வதில்லை.

கரையிலிருந்த ஆஸ்பத்திரியைப் புயல் அடித்துக்கொண்டு போய் மூன்றாம் நாள். எங்கள் ஆஸ்பத்திரிக் கப்பல் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. மீன்பிடிப் படகுகள்தான் நோயாளிகளைக் கொண்டுவந்தன. காலையில் ஒரு படகுக்காரர் தன் மனைவியைக் கொண்டுவந்தார். தலைப்பிரசவம், இரண்டு நாளாக வலி. அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரோடு கட்டி மேலே தூக்கிவிட்டோம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் படகுக்காரரை ஏற்ற முடியவில்லை, படகிலேயே நின்றார்.

ஆபரேஷன் அறையிலிருந்து போன் வந்தது.

"கேப்டன், இப்படி ஆடினா நான் எப்படிக் கத்தி வைக்கிறது?"

"அதைக் கடல்கிட்ட கேளுங்கம்மா!"

"விளையாடாதீங்க. குழந்தையோட துடிப்பு குறைஞ்சிட்டே வருது. இப்பவே எடுக்கணும்."

அலை பக்கவாட்டில் அடித்தது. நங்கூரத்தை எடுத்து, கப்பலின் மூக்கை அலைக்கு நேரே திருப்பி, மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் ஆட்டம் அடங்கும். நங்கூரத்தை எடுக்கச் சொன்னேன்.

கப்பல் நகர்ந்ததும் கீழே ஒரே கூச்சல். நாங்கள் கம்பி நீட்டுகிறோம் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார்!

"எங்கடா கொண்டுபோறீங்க எம் பொண்டாட்டிய? நிறுத்துங்கடா!"

என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு பின்னாலேயே விரட்டி வந்தார். அலையிலிருந்து கண்ணை எடுக்க முடிந்திருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். சுக்கான் பிடித்திருந்த மாலுமி வேறு எட்டிப் பார்த்தான்.

"வேலையப் பாருய்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

சற்று நேரத்தில் திட்டு நின்றது. கப்பல் போகும் போக்கைப் பார்த்தே, ஆட்டத்தை அடக்கத்தான் திருப்புகிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. படகை முன்னே ஓட்டிப்போய், அடுத்த பெரிய அலை எந்தப் பக்கம் புரளும் என்று கை காட்டினார். அந்தக் கடல் அவருக்குத்தான் அத்துப்படி. யார் பேச்சையும் கேட்காத நான், அவர் காட்டிய பக்கமெல்லாம் திருப்பச் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, வீரிட்ட அழுகை! பிறகு டாக்டரம்மாவின் குரல்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இனிமே எவ்வளவு வேணா ஆட்டிக்கோங்க."

போனை அப்படியே ஒலிபெருக்கி மைக்கில் வைத்தேன். பிள்ளையின் அழுகை கடல் முழுக்கக் கேட்டது. படகில் அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மாலுமி அதைப் பார்த்துத் தொலைத்தான்.

"என்னய்யா வேடிக்கை? சுக்கான என்கிட்ட குடுத்துட்டு, ஓடிப்போய் அவருக்கு ஏணிய இறக்கு!"