கோப்பையில் குறையில்லை

...குடிக்காதே என்றுதான் இன்றைக்கும் சொல்கிறது, அடுப்புப் பக்கமிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற, சளி பிடித்த ஓர் ஆண் குரல், உன் அம்மா காபியில் என்னவோ கலக்கிறாள் என்று. நானும் யாரும் பார்க்காதபோது சிங்க்கில் ஊற்றிவிடுகிறேன், காபியில்லாமல் பொழுது விடியாத இந்த டோர்னியோ ஊரில் காபியைக் கொட்டுகிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள், ஆனாலும் எதுவும் கேட்பதில்லை, எங்கள் வீட்டில் கேட்காமலிருப்பதுதான் மரியாதை, கோப்பையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறாள், நீலப்பூ போட்டது, வெள்ளை, இன்று விருந்தாளிகளுக்கான தங்கக்கரை... பாவம், எனக்குக் கோப்பைதான் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. மேசைக்கு எதிர்ப்பக்கம், என் விஷயமாகப் பேச மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் கிர்சிக்காவும் ஓஸ்மோவும். இவர்களுக்கு ஒரு வினோத வழக்கம், எங்களைப் பற்றி எங்கள் முன்னாலேயே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அப்பா, அம்மா, நான் மூவரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை கிடையாது. சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா உடைந்துபோவாளோ? சொல்லாவிட்டால் நாளைக்கே புதுக் கோப்பை வாங்கக் கிளம்பிவிடுவாளே!

"அம்மா, கோப்பையில ஒரு குறையும் இல்ல. காபியில நீ என்னவோ கலக்குறேன்னு ஒரு குரல் சொல்லுது, அதான் குடிக்க பயமாயிருக்கு." சொல்லியே விட்டேன், என் வாய்தானா இது? அப்பா மேசையைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், வெளியே பனி வழிக்கும் வண்டி போனது. ஓஸ்மோ மெல்ல கிர்சிக்கா பக்கம் திரும்பினார்: "ஸைமி இவ்வளவு நாளா இந்தப் பயத்தோட தனியாவே இருந்திருக்கா." "அவங்கம்மாவும் தனியாத்தான் இருந்திருக்காங்க, கோப்பைங்களோட" என்றார் கிர்சிக்கா. "அந்தக் குரல் இவளக் காப்பாத்தத்தான் பாக்குதோ?" "இருக்கும். எனக்கே கொஞ்சம் பயந்தான், இந்தக் காபியில கரண்டிய நட்டா நிக்கும்." அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது: "பால் ஊத்தினாலே எங்க வீட்டு மனுஷன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு, இதுல நான் வேற என்னத்தக் கலக்குறது?" அப்பா முதலில் சிரித்தார், அப்புறம் நான், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா... எத்தனை காலமாயிற்று இந்த வீடு இப்படிச் சிரித்து.

"இப்பவும் சொல்லுதாடி?" என்று அம்மா கேட்டாள். அம்மா, கேட்டாள்! அடுப்புப் பக்கம் காதைத் திருப்பினேன், ஒன்றுமில்லை, போய்விட்டதா, அப்படியும் தோன்றவில்லை, அங்கேதான் இருக்கிறது, எங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு... தன்னைப் பற்றி இவர்கள் இன்னும் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அதுவும் கேட்டுக்கொண்டிருக்கிறதோ?