பஞ்சாட்சரம் வீட்டுப் பெருச்சாளி

பஞ்சாட்சரம் வீட்டில் பெருச்சாளி கிடையாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் பிள்ளையார்பாளையத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் நாற்பது தறி ஓடுகிறது, அந்த நாற்பது தறிக்காரர்களில் யாரைக் கேட்டாலும் வேறு கதைதான் சொல்வார்கள். பெருச்சாளி பிறந்தது பஞ்சாட்சரத்தின் வாயில். வளர்ந்து தெருவையே ஆட்டிவைத்ததும் அவர் தயவில்தான்.

மனுஷருக்கு ஐம்பத்திரண்டு வயசு, சர்க்கரை முந்நூற்றுப் பத்து. டாக்டர் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய அன்றே மனைவி தையல்நாயகி கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டாள். சர்க்கரை நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால் பொங்கல் வைத்துப் படைக்கிறேன், அதுவரைக்கும் நானும் இனிப்பைத் தொடமாட்டேன் என்று. அவளுக்கு இதில் விளையாட்டே கிடையாது. போன வருஷம்தான் அவளுடைய அண்ணனுக்கு இதே வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள். பொங்கலுக்கென்று அறுபது அச்சு வெல்லம் வாங்கி, வெள்ளைக் காடாத் துணிப் பையில் போட்டு, வாயைத் தைத்து, சமையலறைப் பரணுக்கு மேலே இருட்டில் தொங்கவிட்டாள்.

"சாமிக்கு வெச்சது. கை வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்."

பஞ்சாட்சரம் மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் அவள் பால் வாங்கப் போன நேரத்தில் அவர் கால் தானாக முக்காலிமேல் ஏறியது. தறிக் கத்தரியால் பையின் மூலையில் சின்னதாக ஒரு வெட்டு, ஓரத்தை நகத்தால் பிய்த்துவிட்டால் பல் பட்டது போலவே கைக்குத் தட்டுப்பட்டது. ஒரே ஒரு அச்சு. மறுநாள் இன்னொன்று. அதற்கப்புறம் பால் வண்டி மணி கேட்டாலே அவருக்கு நாக்கில் ஊற ஆரம்பித்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் தையல்நாயகி கீழே நின்று கோலால் பையைத் தட்டிப் பார்த்தாள். அவள் இடக்கைக்காரி. கரண்டி பிடிப்பதிலிருந்து தறியில் அறுந்த இழையை முறுக்கி ஒட்டுவதுவரை எல்லாம் அந்தக் கைதான்.

"இன்னாங்க, பை எளச்சிப் போயிருக்குது?"

"பெருச்சாளி," என்றார் பஞ்சாட்சரம். யோசிக்கவே இல்லை.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? இவ்ளோ பெருசு!" இரண்டு கையையும் ஒரு முழத்துக்கு விரித்தார். "மீசை வேற."

அவள் மேலே ஏறிப் பார்ப்பாளோ என்று அவர் முக்காலியைக் காலால் நகர்த்திவைத்தார். அவள் ஏறவில்லை. பையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெருச்சாளின்னா தின்னத்தான் செய்யும்," என்று அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். காரியம் இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுலபமாக முடியவில்லை. பக்கத்து வீட்டில் இவரே அந்த முழத்தை விரித்துக் காட்டித் தொலைத்தார். சாயங்காலத்துக்குள் தெருவே கதிகலங்கிவிட்டது. வெல்லம் போனால் போகிறது, தறியில் நீட்டிக் கட்டிய பட்டுப் பாவில் பல் வைத்தால் கதி என்ன? ஒரு கல்யாணப் புடவையே பாழ். நெசவாளர் சங்கச் செயலாளர் மாணிக்கவேலுக்கு இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் போதும். புதிதாக வாங்கிய கையடக்க மைக்கை உபயோகிக்க ஆறு மாசமாகத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சங்கத்துப் பலகையில் மறுநாளே எழுதிப் போட்டார்: 'ஒரு நாள் வேட்டைப் பயிற்சி முகாம். புதியவர்களுக்கு மட்டும். இடம்: தாமல் ஏரிக்கரை. கண்ணால் கண்ட சாட்சி: பஞ்சாட்சரம்.'

பிள்ளையார் வாகனத்தை வேட்டையாடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"பிள்ளையார் வண்டிய யாருபா தொடறாங்க?" என்றார் மாணிக்கவேல். "இது நம்பர் பிளேட் இல்லாத வண்டி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே ஏணியோடு வந்து பரணில் ஏறி, பையைக் கயிற்றோடு அறுத்து பாலித்தீன் உறையில் போட்டு, டேப்பும் ஒட்டிவிட்டார்.

"அத்த எதுக்குண்ணே எடுக்கறீங்க?" என்றார் பஞ்சாட்சரம், முகம் வெளுத்து.

"வாணாம்ணே, சாமிக்கு வெச்சது," என்று தையல்நாயகியும் குறுக்கே வந்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"தடயம் தங்கச்சி, தடயம்! போலீஸ்ல இன்னா பண்றாங்க? அதான்."

இரண்டு வேன் நிறைய ஆட்கள். ஏரிக்கரையில் அம்சவேணி காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருளர் குடியிருப்புக்காரி, வயசு முப்பத்தைந்துக்கு மேல் இராது. வயல்காரர்கள் கூப்பிட்டால் எலி பிடித்துக் கொடுக்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. கையில் கடப்பாரை, காலடியில் புகை போடும் மண்சட்டி. மாணிக்கவேல் மைக்கை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசினாள்.

"எலி, பெருச்சாளி, அவ்ளோதான். முயல் பக்கமோ கவுதாரி பக்கமோ கை நீட்டுனீங்க, பாரஸ்ட்காரரு உங்கள வேட்டையாடிடுவாரு. அடுத்தது, வேட்டைன்னா ஓடறது இல்ல. குந்திக்கினு பாக்கறது."

குந்திப் பார்த்தார்கள். ஈரச் சேற்றில் கொக்கு நடந்த தடம், கீரி ஓடிய தடம், நாய் எங்கே நின்று யோசித்தது, எங்கே திரும்பியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். பட்டில் ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண்கள் அல்லவா, அரை மணியில் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் தையல்நாயகி. வரப்போரத்து வளையைப் பார்த்ததுமே, இதற்குப் பின்வாசல் அந்தப் புல்லுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தால் இருந்தது. அம்சவேணியே அசந்துபோனாள். பஞ்சாட்சரத்துக்குத்தான் பெருமைப்படவும் முடியவில்லை, நிம்மதியாக மூச்சு விடவும் முடியவில்லை.

அப்புறம் வளைக்குள் புகை ஊதும் பயிற்சி நடந்தது. காற்று திரும்பியதில் புகை முழுக்க மாணிக்கவேலின் மூக்குக்குள் போயிற்று. அடுத்தது குறி பார்த்து எறிதல். குச்சிமேல் கவிழ்த்த கொட்டாங்குச்சியைக் களிமண் உருண்டையால் அடிக்க வேண்டும். தையல்நாயகி இடக்கையை ஓங்கியதும் மாணிக்கவேல் மைக்கில் அலறினார்.

"முகாம்ல எல்லாம் சோத்துக்கைதான் தங்கச்சி! ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குது!"

அவள் சோற்றுக்கையால் எறிந்தாள். ஒன்பது உருண்டையில் எட்டு ஏரிக்குப் போயிற்று. ஒன்பதாவது மாணிக்கவேலின் வேட்டியில் விழுந்தது. அது தவறி விழுந்ததுதானா என்று பஞ்சாட்சரத்துக்குச் சந்தேகம்.

கடைசியாகக் கடித் தடம். "பல்லு பட்டா ஓரம் மென்னு துப்புன மாதிரி இருக்கும். கத்திரி பட்டா நேரா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அம்சவேணி உறையைப் பிரித்துப் பையை எடுத்தாள். மூலையைப் பார்த்தாள். விரலால் நிமிண்டினாள், பையை ஒரு சுற்றுத் திருப்பினாள். பிறகு பையை விட்டுவிட்டுப் பஞ்சாட்சரத்தின் கை விரல்களைப் பார்த்தாள்.

"இது நல்லா தொழில் கத்துக்கினு இருக்கிற பெருச்சாளி," என்றாள், சிரிக்காமல்.

அப்போதுதான் பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்தது. வெள்ளைப் பையின் மூலையில் அரக்கு நிறத்தில் ஒரு கோடு. அவர் தறியில் இப்போது ஓடும் புடவையின் நிறம். அறுந்த இழையைக் கண்டால் நெசவுக்காரன் கை சும்மா இருக்காது. முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கைக்கு அது ஒன்றுதான் பாடம். இருட்டில் வெட்டி வெல்லத்தை எடுத்தவர், ஒவ்வொரு தரமும் தன்னை அறியாமலே இடுப்பில் ஒட்டியிருந்த பட்டு இழைத் துணுக்கை வைத்து, முறுக்கி, ஓட்டையை அழகாக ஒட்டிவைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். கடித்த இடத்தைப் பட்டு இழையால் ஒட்டிவிட்டுப் போகும் பெருச்சாளியை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்? வேட்டைக்காரியை ஏமாற்றிவிடலாம். சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் நெசவுக்காரர்கள். ஆளுக்கு ஆள் முறுக்கு மாறும், யார் ஒட்டிய இழை என்று முறுக்கை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

"மேடம், எல்லாரும் கைல வாங்கிப் பாக்கட்டும்!" என்றார் மாணிக்கவேல்.

"மொதல்ல நல்லா தடம் பாத்தவங்க பாக்கட்டும்," என்று அம்சவேணி பையைத் தையல்நாயகியிடம் கொடுத்தாள்.

தையல்நாயகி மூலையை விரித்துப் பார்த்தாள். பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார்.  அவர் நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பையின் மறு மூலையை இடக்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா, எத்தினி வந்திருக்குது?" என்றாள் அம்சவேணி.

"ஒண்ணுதான். ஆம்பளப் பெருச்சாளி."

"ஆம்பளன்னு எப்டி தங்கச்சி தெரியும்?" என்று மாணிக்கவேல் மைக்கை நீட்டினார்.

"புத்தியப் பாத்தா தெரியலயாண்ணே?"

கூட்டம் கைதட்டியது. சாப்பாட்டுக்கு அப்புறம் பை எல்லார் கைக்கும் வரும், பிறகு சங்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் என்று மாணிக்கவேல் அறிவித்தார்.  தையல்நாயகி பையோடு கரைக்குப் பின்னால் பனைமரப் பக்கம் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"எங்கண்ணன் வாசப்படி ஏற முடியாம நிக்கறத நீங்களுந்தான பாத்தீங்க?" என்றாள் அவள். கத்தவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நீங்களும் அப்டி நிக்கணுமா? தறி மிதிக்கக் கால் வாணாமா உங்களுக்கு?"

"தையலு, இனிமே தொட்டா சாமி மேல..."

"சாமிய இழுக்காதீங்க. சாமிக்கு வெச்சதத்தான் தின்னீங்க."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் சிரித்தால்கூடப் பரவாயில்லை, இவள் அழுகிறாளே என்று இருந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று முழுசாகச் சொல்லிவிட்டார்.

"இருவத்தியொரு அச்சு தின்னேன். எண்ணிக்கினுதான் தின்னேன். மீதி அப்டியே இருக்குது, நீயே பாரு."

பையின் தையலைப் பிரித்து எண்ணினார். முப்பத்தொன்பது இருக்க வேண்டும். இருபத்திரண்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். அதே இருபத்திரண்டு. பஞ்சாட்சரத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"தையலு! நெஜமாவே ஒண்ணு வந்திருக்குது!"

தையல்நாயகி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இடக்கை இன்னும் பையின் மறு மூலையை விடவில்லை. அவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அங்கேயும் ஒரு ஓட்டை. அங்கேயும் அரக்குப் பட்டில் ஓர் ஒட்டு, சுத்தமான வேலை. ஆனால் முறுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தத் தெருவில் இடக்கையால் இழை ஒட்டுகிறவள் ஒருத்திதான்.

"டீ சக்கரையில்லாம எறங்கலங்க," என்றாள் அவள், ஏரியைப் பார்த்துக்கொண்டு. "நேந்துக்கினது பெருசா நேந்துக்கினேன். அப்புறம் நீங்க பெருச்சாளின்னு சொன்னீங்களா, சரி, அது மேல போட்டுடலாம்னு..."

பஞ்சாட்சரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடியவில்லை, பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் அழுகையோடு சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் அவர் ஓர் அச்சை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஒடம்பு சரியில்லாதது எனக்கு. நீ எதுக்கு வாயக் கட்டணும்? சாப்டு. எனக்கு எறங்குனதும் சாமிக்கு வேற வாங்கிக்கலாம்."

"நீங்க பாத்துக்கினு இருப்பீங்களா?"

"பாத்துக்கினு இருப்பேன்."

அவள் கடித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் ஊறத்தான் செய்தது, விழுங்கிக்கொண்டார். இந்த இருபத்தோரு நாளில் திருடித் தின்ற எதுவும் இவ்வளவு நிறைவாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அவளிடம் சொல்லவில்லை.

"சாட்சி உடனே தடயத்தோட வரவும்! சாட்சி உடனே வரவும்!" என்று மைக் கரைமேல் கத்தியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மீதி வெல்லத்தை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் வெறும் பைக்குள் ஒரு கல்லைப் போட்டுச் சுருட்டினார். எறிய ஓங்கியவரின் கையிலிருந்து அதை அவள் பிடுங்கிக்கொண்டு, ஓர் அடி பின்னால் போய், இடக்கையால் வீசினாள். பை கோரையெல்லாம் தாண்டி ஏரி நடுவில் போய் விழுந்தது. கரையோரம் சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள். அவர்களைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிவிட்டு, மறுபடி சட்டியைக் கழுவினாள்.

மாணிக்கவேல் மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னால் பாதித் தெரு.

"பை எங்கபா?"

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். இத்தனை நாள் கேட்காமலே வந்து நின்ற பொய் இப்போது கூப்பிட்டும் வரவில்லை. 

"பெருச்சாளி தூக்கினு போயிட்ச்சிண்ணே," என்றாள் தையல்நாயகி. "வாசனை புட்ச்சினு இங்கயே வந்துட்ச்சி. நான் கண்ணால பாத்தேன்."

"இங்கியா! எவ்ளோ பெருசு?"

அவள் இரண்டு கையையும் விரித்தாள். புருஷன் காட்டியது ஒரு முழம். இவள் காட்டியது இரண்டு முழத்துக்குக் குறையாது.

"இவ்ளோ பெருசு," என்றாள். "மீசை வேற."